மகள் ஜாம்பியா கிளம்புகிறாள்: நாங்கள் எப்படி உதவுவது?

கேள்வி: அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த எங்கள் மகள், பீஸ் கோர் (வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமெரிக்க அரசு அமைப்பு) தன்னார்வலராக ஜாம்பியாவில் மீன் வளர்ப்புப் பணிக்குப் போகிறாள். அந்த ஊர்ப் பள்ளிக்கு லேப்டாப் அனுப்பவும் பணம் திரட்டவும் தமிழ்ச் சங்க நண்பர்கள் தயாராக இருக்கிறார்கள். எப்படி அனுப்புவது? அவள் கல்விக்கடனை என்ன செய்வது? - ஒரு தாய், நியூ ஜெர்சி

பதில்: லேப்டாப் இப்போதைக்கு வேண்டாம். அங்கே போகும் தன்னார்வலர்களில் பலர் தங்குவது மின்சாரம் எட்டாத கிராமங்களில். பார்சலுக்குச் சுங்கவரி கேட்டால், மாதச் செலவுக்கென்று அளந்து கொடுக்கும் படியிலிருந்து உங்கள் மகள்தான் கட்ட வேண்டிவரும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. போன கையோடு பெட்டி பெட்டியாகச் சாமான் வந்து இறங்கினால், குளம் வெட்டத் தங்களோடு நிற்க வந்த பெண் என்பது போய், சாமான் வரவழைத்துத் தரும் ஆள் என்ற பெயர் வந்துவிடும். பிறகு மீன் குஞ்சைப் பற்றி அவளிடம் யார் பேசுவார்கள்?

பணம் திரட்டலாம், ஆனால் அவள் பெயருக்கோ ஊர்த்தலைவர் பெயருக்கோ நேராக அனுப்பக்கூடாது. அதற்கென்றே பீஸ் கோர் பார்ட்னர்ஷிப் திட்டம் இருக்கிறது. ஊரார் கேட்டு, தன்னார்வலர் எழுதிக் கொடுத்து, அலுவலகம் ஒப்புக்கொண்ட பணிகள் பீஸ் கோர் இணையதளத்தில் வரும். நன்கொடையை அங்கேயே கட்டலாம், வரிச்சலுகையும் உண்டு. செலவில் குறைந்தது 25 சதவீதம் ஊரின் பங்கு. ரொக்கம் இல்லையா, மணல், செங்கல், உடலுழைப்பு என்று எதுவாகவும் தரலாம். என்னைக் கேட்டால், மொத்தத் திட்டத்தில் உருப்படியான விதி இதுதான். தேவையில்லாத வேலைக்கு யாரும் மண் சுமக்க மாட்டார்கள். ஆகவே சங்கத்து நண்பர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அவள் பணிக்காலம் மொத்தம் 27 மாதம். முதல் மூன்று மாதம் பயிற்சியிலேயே போய்விடும். ஊர் என்ன கேட்கிறது என்று அவளுக்கே பிடிபட நாளாகும்.

கடனுக்கு வருவோம். அரசுக் கல்விக்கடன் என்றால் தவணையைத் தள்ளிப்போடலாம், ஆனால் பல கடன்களில் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். வருமானத்துக்கேற்ற தவணைக்கு மாறினால் கட்டும் தொகை பெரிதும் குறையலாம்; பொதுச்சேவையில் இருந்தபடி 120 மாதத் தவணை கட்டியவர்களுக்கு மீதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் அரசுத் திட்டத்தின் கணக்கிலும் பீஸ் கோர் பணி சேரும். விதிகள் அடிக்கடி மாறுவதால் கிளம்பும் முன்பே கடன் நிறுவனத்திடம் பேசி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். தனியார் வங்கிக் கடனுக்கு இவை பொருந்தா.

உங்களால் மட்டுமே முடிகிற உதவி வீட்டுக் காகித வேலை. 2020 மார்ச்சில் கொரோனாவால் 60க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 7,000 தன்னார்வலர்களை பீஸ் கோர் ஒரேயடியாகத் திருப்பி அழைத்தது. 1961இல் தொடங்கியதிலிருந்து அப்படி நடந்ததே இல்லை. 2022 மார்ச்சில் மறுபடி ஆள் அனுப்பியபோது முதலில் போன இரண்டு நாடுகளில் ஜாம்பியாவும் ஒன்று. திடீரென்று திரும்பி வர நேர்ந்தாலும் திண்டாடாமல் இருக்க, பவர் ஆஃப் அட்டர்னி, வங்கி, வரி, கடன் விவரங்களை ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். அங்கே இருக்கும்வரை மருத்துவச் செலவு பீஸ் கோருடையது. திரும்பியபின் காப்பீடு பற்றி இப்போதே விசாரியுங்கள்.

போய்ப் பார்க்க ஆசை இருக்கும். மாதத்துக்கு இரண்டு நாள் வீதம் அவளுக்கு விடுப்பு சேரும். பயிற்சிக் காலத்தில் டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.