பையன் கழுத்து நடுவுல கட்டி, ஆபரேஷன்ல எலும்பையும் சேர்த்து எடுக்கணும்கறாங்க, அவசியமா?

தைரோகுளோசல் சிஸ்ட்டுன்னு (கழுத்து நடுவுல வர்ற ஒரு நீர்க்கட்டி) சொல்லிட்டாங்க, கட்டியை மட்டும் எடுத்தா போதாதா, எலும்பு எதுக்குன்னு கேட்டிருக்கீங்க. எலும்போட எடுக்கறதுதான் சரி. நாங்க மும்பை செம்பூர்ல இருக்கோம், எங்க பொண்ணுக்கு இதே ஆபரேஷன் நடந்துருக்கு.

அவளுக்கு ஒரு சளி காய்ச்சலுக்கு அப்புறம்தான் அது திடீர்னு பெருசாச்சு. பில்டிங்ல ஒருத்தர் டிபி கட்டின்னாங்க, மாமியார் மஞ்சள் பத்து போடலாம்னாங்க, பக்கத்து கிளினிக்ல லேசா கீறி சீழை எடுத்துடலாம்னாங்க (நல்லவேளை ஒத்துக்கல, கீறிட்டா பின்னாடி ஆபரேஷன் கஷ்டமாகும், ஓட்டை விழுந்து கசிஞ்சுகிட்டே இருக்கவும் வாய்ப்பு). சயான்ல ஒரு குழந்தைங்க சர்ஜன் தண்ணி குடிக்க வெச்சு பாத்தார், அப்புறம் "ஜீப் பாஹர் நிகாலோ பேட்டா"ன்னார், நாக்கை நீட்டினதும் கட்டி மேல ஏறுச்சு, பாதி டயக்னோசிஸ் அங்கயே முடிஞ்சுது.

விஷயம் என்னன்னா, வயித்துக்குள்ள குழந்தை உருவாகறப்ப தைராய்டு நாக்கோட வேர்ப்பகுதியில ஆரம்பிச்சு கழுத்துக்கு இறங்கி வருது, வந்த வழி தானா மூடிக்கணும், மூடலேன்னா அதுல தண்ணி சேந்து கட்டியாகுது. அந்த வழி ஹையாய்டு எலும்பை ஒட்டியே போகுது, தாடைக்கு கீழ லாடம் மாதிரி இருக்குமே அதுதான். கட்டியை மட்டும் எடுத்தா வழி உள்ளயே இருக்கும், பாதி பேருக்கு கிட்ட திரும்ப வந்துடும்பாங்க. எலும்போட நடுத்துண்டையும் நாக்கு வேர் வரைக்கும் போற வழியையும் சேர்த்து எடுக்கறதுக்கு சிஸ்ட்ரங்க் ஆபரேஷன்னு பேரு, சிஸ்ட்ரங்க்ங்கற டாக்டர் 1920லயே எழுதினது, இன்னிக்கும் அதேதான், திரும்ப வர்றது ரொம்ப கம்மி. எலும்பு போனா பேச்சு போயிடுமோ, முழுங்க முடியாதோன்னு நானும் பயந்தேன், ஒண்ணும் ஆகல, ரெண்டு நாள் தொண்டை வலின்னு தயிர்சாதம் மட்டும் சாப்ட்டா.

ஆபரேஷனுக்கு முன்னாடி கழுத்து அல்ட்ராசவுண்ட் கண்டிப்பா எடுங்க. கட்டியை பாக்கறதுக்கு மட்டுமில்ல, தைராய்டு அதோட இடத்துல இருக்கான்னு பாக்கணும். அபூர்வமா சிலருக்கு உடம்புல இருக்கற மொத்த தைராய்டும் அந்தக் கட்டிதான், தெரியாம எடுத்துட்டா ஆயுசுக்கும் மாத்திரைதான். இப்ப செவந்து வலிச்சா முதல்ல ஆன்ட்டிபயாடிக், வீக்கம் அடங்கினப்புறம்தான் கத்தி.

உங்க அண்ணனுக்கும் கழுத்துல கட்டின்னீங்க, அது பக்கவாட்டுல இருக்கறதால கதை வேற. பிறவியிலேயே வர்ற பிராங்கியல் சிஸ்ட்டா இருக்கலாம், ஆனா நாப்பது தாண்டினவருக்கு அப்படி கட்டி புதுசா வந்தா கேன்சர் பரவினதான்னு முதல்ல பாக்கணும், நம்ம ஊர்ல டிபியும் ஜாஸ்தி, அதனால ஈஎன்டி டாக்டர்கிட்ட காட்டி கட்டியில ஊசி போட்டு சாம்பிள் எடுத்து டெஸ்ட் பண்ணாம விடாதீங்க.