மனநிலைக்கு ஏற்ற வாசனைத் திரவியத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மணம் பற்றிய செய்தி, மற்ற புலன்களின் செய்தியைப் போல முதலில் மூளையின் இடைநிலையமான தாலமஸுக்குப் போகாமல், உணர்ச்சியோடும் நினைவோடும் தொடர்புடைய மூளைப் பகுதிகளை நேராகவே எட்டிவிடுகிறது. அதனால் 'சோர்வுக்கு இது, கோபத்துக்கு அது' என்னும் பட்டியல்களைவிட உங்கள் நினைவுகளையே நம்புங்கள். மல்லிகை ஒருவருக்குக் கல்யாண வீடு. இன்னொருவருக்குத் துக்க வீடு.

காலைச் சுறுசுறுப்புக்கு எலுமிச்சை, ஆரஞ்சு மணங்கள் நல்லவை. ஆனால் சீக்கிரம் ஆவியாகிவிடும். மனம் அடங்க வேண்டிய மாலைக்குச் சந்தனமும் வெட்டிவேரும். இவை தோலில் மணிக்கணக்கில் தங்கும்.

கலங்கிய நாட்களில் நான் நாடுவது மிட்டி அத்தர் என்னும் மண் வாசனைத் தைலம். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில், சுட்ட களிமண்ணைச் செப்புப் பானையில் நீரோடு காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். முதல் மழை விழுந்த மண்ணின் மணம் அப்படியே குப்பிக்குள் இருக்கிறது! ஒரு துளி போதும்.

கடையில் காகிதப் பட்டையை முகர்ந்தவுடன் வாங்கிவிடாதீர்கள். முதலில் எழும் மணம் அரை மணி நேரத்தில் மாறிவிடும். மணிக்கட்டில் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். மூன்று மணி நேரம் கழித்தும் பிடித்திருந்தால் திரும்பி வந்து வாங்குங்கள்.