மனத்துக்கு நிறைவான வேலையும் நல்ல பணிச்சூழலும் ஒரே நிறுவனத்தில் கிடைக்குமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கிடைக்கும். ஆனால் நிறுவனத்தின் இணையதளத்தில் சிரிக்கும் முகங்களை வைத்து முடிவெடுக்காதீர்கள். பொங்கல் விழா, இலவச மதிய உணவு, ஆண்டுக்கொரு சுற்றுலா எல்லாம் நல்லவைதான். சம்பாதித்துத் தரும் ஊழியருக்கு யாரும் அவற்றைச் செய்வார்கள். ஒருவரால் இப்போதைக்கு ஆதாயம் இல்லை என்றானபின் அவரை எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள்.

வேலையை விட்டுப் போகிறவர் அந்த நிலையில் இருப்பவர். சென்னையில் மென்பொருள் துறையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். நான் முன்பு இருந்த ஓரிடத்தில், ராஜினாமா செய்தவர்களுக்கு ரிலீவிங் லெட்டர் (பணியிலிருந்து விடுவித்ததற்கான கடிதம்) தர மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். புதிய இடத்தில் சேர அது வேண்டும் என்று தெரிந்தேதான் செய்தார்கள். உள்ளே இருந்தவரை எல்லோரும் "குடும்பம்".

ஆகவே, சேர்வதற்கு முன் அங்கிருந்து விலகிய ஓரிருவரிடமாவது பேசுங்கள். லிங்க்ட்இன்னில் தேடினால் அகப்படுவார்கள். சம்பளத்தைப் பற்றி மட்டும் கேட்காமல், கிளம்பும்போது எப்படி அனுப்பிவைத்தார்கள் என்றும் கேளுங்கள். நேர்காணலில் "எனக்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் இப்போது எங்கே?" என்று தயங்காமல் கேட்கலாம். பதவி உயர்ந்து பக்கத்துக் குழுவில் இருக்கிறார் என்று பதில் வந்தால் மகிழ்ச்சி. பேச்சை மாற்றினால் யோசியுங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்கிற இடத்தில் சேரவே வேண்டாம்.

பிரசவ விடுப்பும் அப்படித்தான். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்று 2017இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்கிறது சட்டம். விடுப்பைப் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். திரும்பி வந்த பெண்ணுக்குப் பழைய பொறுப்பு அப்படியே கிடைத்ததா, காப்பகம் உண்மையில் இயங்குகிறதா என்பதையும் விசாரியுங்கள்.

அலுவலகத்துக்குள் நுழையும்போது காவலாளியையும் கவனியுங்கள். அவருக்கு உட்கார நாற்காலி இருக்கிறதா? துப்புரவுப் பணியாளர்கள் எங்கே அமர்ந்து சாப்பிடுகிறார்கள்? கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டதே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. கடைநிலையில் இருப்பவரை மதிக்காத இடத்தில் உங்களுக்குக் கிடைக்கும் மரியாதை உங்கள் பதவிக்கானது மட்டுமே.

மனநிறைவு வேறு கணக்கு. நாம் செய்வது யாருக்குப் பயன்படுகிறது என்று கண்ணால் பார்க்க முடிகிற வேலையில் அது எளிதாக வருகிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி ஓய்வு பெற்றபின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, இரண்டாண்டுகள் பயிற்சி தந்து, கண் பரிசோதனை முதல் அறுவைச் சிகிச்சை உதவி வரை அவர்களிடம் ஒப்படைக்கிறார்கள். கட்டுப் பிரித்ததும் பார்வை திரும்பியவரின் முகத்தை அருகிலிருந்து பார்ப்பவர்கள் அவர்கள்.

எல்லா வேலையிலும் பயன் இவ்வளவு பக்கத்தில் தெரியாது. என் துறையில், வாடிக்கையாளரோடு நேரில் பேசும் வாய்ப்பு உள்ள குழுவைக் கேட்டு வாங்குங்கள். சம்பளம் சற்றுக் குறைந்தாலும் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.