என் விவரங்களை யாருக்கும் கொடுக்காமல் இருந்தால் போதுமா? அடையாளத் திருட்டையும் பண மோசடியையும் தவிர்ப்பது எப்படி?

போதாது. உங்கள் பெயர், பிறந்த தேதி, முகவரி, போன் நம்பர் எல்லாம் ஏற்கெனவே எங்கேயோ கசிந்துவிட்டன என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். 2017இல் ஈக்விஃபேக்ஸ் என்ற கடன் விவர நிறுவனத்திலிருந்து ஏறக்குறைய 14.7 கோடி அமெரிக்கர்களின் விவரங்கள் திருடுபோயின. அவர்களில் பலர் அந்த நிறுவனத்திடம் நேரடியாக எதையுமே கொடுத்ததில்லை. வங்கிகளும் கடன் கொடுத்தவர்களும் அனுப்பி வைத்த தகவல்கள் அவை. நாம் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் நம் விவரம் ஊர் சுற்றும்.

ஆக, செய்ய வேண்டியது இரண்டு. கசிந்த விவரத்தை வைத்து நம் பெயரில் எதையும் திறக்க முடியாதபடி பார்த்துக்கொள்வது ஒன்று. அதே விவரத்தை நம்மிடமே ஒப்பித்துக்கொண்டு வருகிறவரை நம்பாமல் இருப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் கஷ்டம்.

என் அத்தைக்கு ஒருமுறை, "உங்கள் கணக்கிலிருந்து யாரோ பணம் எடுக்கப் பார்க்கிறார்கள்" என்று போன் வந்தது. பேசியவர் முழுப்பெயர், பிறந்த தேதி, அட்டையின் கடைசி நான்கு எண்கள் வரை சரியாகச் சொல்லியிருக்கிறார். அத்தை அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு இன்னொரு போனில் என்னைக் கூப்பிட்டு, "இவ்வளவும் தெரிஞ்சு வெச்சிருக்காரேப்பா, பேங்க் ஆளாத்தானே இருக்கணும்?" என்றார். "தெரிஞ்சு வெச்சிருக்கறதுதான் அத்தை அவங்க தொழிலே. கட் பண்ணிட்டு, கார்டு பின்னாடி இருக்கற நம்பருக்கு நீங்களே போடுங்க" என்றேன். போட்டார். வங்கியிலிருந்து யாரும் அவரை அழைக்கவே இல்லை.

திரையில் வங்கியின் எண்ணே தெரிந்தாலும் அது அத்தாட்சி ஆகாது. அழைப்பவரின் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். முகமும் குரலும்கூட இப்போது அப்படித்தான். ஹாங்காங்கில் ஆரூப் என்ற பொறியியல் நிறுவன ஊழியர் ஒருவருக்கு, ரகசியமாகப் பணம் அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. முதலில் அவர் சந்தேகப்பட்டார். பிறகு வீடியோ அழைப்பில் நிதித் துறைத் தலைவரையும் உடன் வேலை பார்ப்பவர்களையும் பார்த்ததும் சந்தேகம் போய்விட்டது. அத்தனை பேரும் கணினியில் உருவாக்கிய போலிகள். போன பணம் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர். 2024இல் வெளியே வந்த சம்பவம் இது. படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அதனால் ஆளைப் பார்த்து எடை போடாதீர்கள். அழைப்பைத் தொடங்கியது யார் என்று மட்டும் பாருங்கள். அவர்கள் தொடங்கியது என்றால் வைத்துவிட்டு, உங்களுக்கு முன்பே தெரிந்த எண்ணில் நீங்களே கூப்பிடுங்கள். உண்மையான ஊழியர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். போனை வைக்கவே விடாமல் பேசுவது, "வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்" என்பது, திரையைப் பகிரும் ஆப்பை இறக்கச் சொல்வது: இதில் ஒன்று வந்தாலும் பேச்சு முடிந்தது. ஓடிபி வந்தால் எண்ணை மட்டும் பார்க்காமல் முழுச் செய்தியையும் படியுங்கள். அது எதற்கான ஓடிபி என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும்.

சரி, பூட்டுகளுக்கு வருவோம். வங்கிக் கணக்குக்கும் முன்னால் மின்னஞ்சலைப் பூட்டுங்கள். மற்ற கணக்குகளில் "கடவுச்சொல் மறந்துவிட்டதா?" என்று அழுத்தினால் இணைப்பு வந்து விழுவது அங்கேதான். அதற்கு வேறெங்கும் பயன்படுத்தாத, நீளமான கடவுச்சொல் வேண்டும். ஏதோ ஒரு சில்லறைத் தளத்தில் கசிந்த கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் போட்டுப் பார்ப்பதற்கென்றே நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கணக்கில் யாராவது நுழைந்த சந்தேகம் இருந்தால், கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிற்காமல் அமைப்புகளில் 'ஃபார்வர்டிங்' பகுதியையும் பாருங்கள். உங்களுக்கு வரும் மின்னஞ்சல்களின் நகல் தனக்கும் வரும்படி திருடன் அங்கே முகவரி வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

அடுத்தது போன் நம்பர். உங்கள் எண்ணுக்கு இன்னொருவர் புது சிம் வாங்கிவிட்டால் எஸ்எம்எஸ் ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைமை நிர்வாகி ஜாக் டார்சியின் ட்விட்டர் கணக்கே அவருடைய எண்ணைக் கைப்பற்றித்தான் பறிக்கப்பட்டது. வழக்கமாகச் சிக்னல் கிடைக்கும் இடத்தில் திடீரென்று சுத்தமாக இல்லாமல் போனால், வேறு போனிலிருந்து உடனே தொலைபேசி நிறுவனத்தைக் கேளுங்கள். முடிந்த இடத்தில் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில், போனுக்குள்ளேயே ஓடிபியை உருவாக்கும் அங்கீகார ஆப் வையுங்கள். கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் போனிலோ கணினியிலோ இருக்கும் மின்சாவியான பாஸ்கீ வசதி இருந்தால் இன்னும் நல்லது. அது உண்மையான தள முகவரியில் மட்டுமே வேலை செய்யும், போலித் தளத்தில் நீங்களே ஏமாந்தாலும் அது ஏமாறாது.

உங்கள் பெயரில் வேறு யாரும் கடன் வாங்காமல் இருக்க, உங்கள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் கடன் அறிக்கையை அவ்வப்போது பாருங்கள். புதிதாகக் கடன் கொடுப்பவர் பார்க்க முடியாதபடி அதை முடக்கி வைக்கும் வசதி உங்கள் நாட்டில் இருந்தால் முடக்கிவிடுங்கள். அமெரிக்காவில் 2018 செப்டம்பர் முதல் அது இலவசம்.

பணம் போய்விட்டால் முதல் அழைப்பு வங்கிக்கு, அப்புறம் காவல்துறைக்கு. கணக்கு விட்டுக் கணக்கு பணம் நிமிடங்களில் தாண்டிவிடும் என்பதால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சில வாரம் கழித்து "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கொஞ்சம் கட்டணம்" என்று ஒருவர் வருவார். ஏமாந்தவர்களின் பட்டியலும் விற்பனைக்குப் போகிறது, அவர் அதைப் பார்த்துத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்.