மகள் தலசீமியாக் காவி, மச்சானுக்குக் கட்டிக்கொடுக்கலாமா?

தம்பலகாமத்திலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: “மகள் தலசீமியாக் காவி என்று பரிசோதனையில் வந்திருக்கிறது. என் அண்ணன் மகனுக்குப் பேசி வைத்திருக்கிறோம். சனத்தொகை பெருகி, மருந்து எல்லோரையும் காப்பாற்றுவதால் இயற்கைத் தேர்வு நின்றுவிட்டது, அதனால்தான் இப்படி வருகிறது என்கிறார் ஓர் உறவினர். மலேரியா ஒழிந்ததுபோல இதுவும் தானாக ஒழியுமா?”

அம்மா, உங்கள் மகள் நோயாளி அல்லள். தலசீமியா என்பது பெற்றோரிடமிருந்து வரும் குருதி நோய். அதற்குரிய பரம்பரையலகை (மரபணுவை) ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்று, நோயின்றிச் சுமப்பவரே காவி. காவிகள் நம்மைப் போலவே வாழ்வார்கள். அவர்களின் செங்குருதிக் கலங்கள் சிறுத்து வெளிறியிருக்கும். அதைக் குருதிச்சோகை என்று நினைத்து மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குவோர் உண்டு. பரிசோதனையில் இரும்புக் குறைபாடு தெரிந்தால் மட்டுமே அது வேண்டும்.

உறவினர் சொல்வது தலைகீழ். இந்தப் பரம்பரையலகை வளர்த்துவிட்டதே இயற்கைத் தேர்வுதான். கோடையில் மகாவலி வற்ற, மணல் நடுவே குட்டை குட்டையாக நீர் தேங்குமே, அங்கேதான் மலேரியா நுளம்பு பெருகியது. அந்தக் காய்ச்சலில் குழந்தைகள் மடிந்தபோது காவிகள் சற்று அதிகமாகத் தப்பினார்கள். 1934-35 கொள்ளைநோயில் மட்டும் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். பிறகு நுளம்பைக் கொல்லும் டிடிடி மருந்து வந்தது. ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1946-47இல் ஒரே ஆண்டில் 14 ஆனது. சனத்தொகை பெருகியதற்கும், காவிகளுக்கு இருந்த அனுகூலம் போனதற்கும் இந்த மலேரியா ஒழிப்பு ஒரு பொதுக் காரணம். ஆனாலும் தேர்வு நின்றுவிடவில்லை. யார் யாரைவிட அதிகம் பிள்ளைகளை விட்டுச்செல்கிறார்கள் என்ற வேறுபாடுதான் தேர்வு. மொத்தத் தலைகளின் எண்ணிக்கை அல்ல.

தானாக ஒழியுமா? நூறு பேரில் இருவர் காவிகள் என்று வையுங்கள். கடும் நோயுள்ள எவருக்குமே பிள்ளை பிறக்காவிட்டாலும், இந்தப் பரம்பரையலகு பாதியாகக் குறைய 100 தலைமுறை, அதாவது சுமார் 2,500 ஆண்டுகள் ஆகும். கந்தளாய்க் குளம் கட்டி இன்னும் அவ்வளவு காலம் ஆகவில்லை. இந்தப் பரம்பரையலகு பெரும்பாலும் நலமாக இருக்கும் காவிகளிடம் ஒளிந்திருப்பதால் தேர்வின் கைக்கு எட்டுவதில்லை.

ஆகவே மருமகனைப் பரிசோதியுங்கள். வெளியார் ஒருவர் காவியாக இருக்கும் வாய்ப்பு, மேற்சொன்ன கணக்கில், ஐம்பதில் ஒன்று. உங்கள் அண்ணன் மகனுக்கு எட்டில் ஒன்று. நீங்களும் காவி என்று தெரிந்தால் நான்கில் ஒன்று. முழுக் குருதி எண்ணிக்கையும் ஹீமோகுளோபின் பகுப்பாய்வும் போதும். அவர் காவி இல்லையென்றால் தயங்காமல் நாள் குறியுங்கள். இருவருமே காவிகள் என்றால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு கடும் தலசீமியாவுக்கு. அந்தப் பிள்ளைக்கு மாதந்தோறும் குருதி ஏற்ற வேண்டியிருக்கும். அப்போது நாள் குறிக்கும் முன்பே இருவரையும் ஒன்றாக வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். முடிவை அவர்களே எடுக்கட்டும்.