மைஎஸ்க்யூஎல் 5.7-இல் ஓடிய குவெரி, 8.0-க்கு மாறியதும் 1064 பிழை (இலக்கணப் பிழை) காட்டுவது ஏன்?

வியாசர்பாடி கேரம் போட்டிக்கான டேட்டாபேஸில் பிளேயர்ஸ் டேபிளில் ரேங்க் என்று ஒரு ஃபீல்டு, அது போக குரூப்ஸ் என்று ஒரு டேபிள் இருப்பதாகச் சொல்கிறீர்கள். டேபிள் பெயர், ஃபீல்டு பெயர் இரண்டுமே மாட்டியிருக்கின்றன. விண்டோ ஃபங்ஷன்கள் வந்த 8.0.2 பதிப்பிலிருந்து ரேங்க், குரூப்ஸ் இரண்டும் ஒதுக்கப்பட்ட சொற்கள், அதாவது மைஎஸ்க்யூஎல் தன் கட்டளைகளுக்கென வைத்துக்கொண்டவை. 5.7-இல் அவை வெறும் பெயர்கள்தான்.

பேக்கப் சிக்கலில்லாமல் ஏறியதே என்று குழம்ப வேண்டாம். பேக்கப் எடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப் எல்லாப் பெயரையும் தானே பேக்டிக் (`) குறிக்குள் போட்டுவிடும். லாராவெல் மாதிரி ஃபிரேம்வொர்க் எழுதும் குவெரியும் தப்பிக்கும். விழுவது நீங்கள் கையால் எழுதியவை.

பிழைச் செய்தி 'நியர்' என்று காட்டும் இடத்தை அப்படியே நம்பாதீர்கள். ரேங்க் என்றதும், குவெரியைப் படித்துப் பிரிக்கும் பார்சர் அடைப்புக்குறியை எதிர்பார்க்கும். அது வராததால் அடுத்து நிற்கும் ஃப்ரம்மைக் குற்றம் சொல்லும். ஆகவே அதற்கு முந்தைய சொல்லைப் பாருங்கள். குரூப்ஸில் அந்தச் சொல்லையே காட்டும்.

உடனடி மருந்து பேக்டிக்: கீபோர்டில் 1-க்கு இடப்பக்கம், டேபுக்கு மேலே இருக்கும் கீ. ஃபீல்டாக இருந்தால் பி.ரேங்க் என்று டேபிளின் சுருக்கப் பெயரை முன்னால் வைத்தாலும் ஓடும். புள்ளிக்குப் பின் வருவதை மைஎஸ்க்யூஎல் பெயராகவே எடுத்துக்கொள்ளும்.

சிங்கிள் கோட் மட்டும் போட்டுவிடாதீர்கள். 'ராயபுரம்' மாதிரி மதிப்புக்குத்தான் அது. ஆர்டர் பை 'ரேங்க்' என்றால் பிழையே வராது, வரிசையும் ஆகாது. வேர் (WHERE) 'ரேங்க்' = 0 என்பது இன்னும் மோசம்: அந்த எழுத்துகள் எண்ணாக மாறும்போது 0 ஆகிவிடும், நிபந்தனை டேபிளின் எல்லா ரோவுக்கும் பொருந்தும். தவறான மதிப்பைத் தடுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் அணைத்த சர்வரில் இதை டெலிட்டில் போட்டால் டேபிள் காலி.

நிரந்தரத் தீர்வு பெயரை மாற்றுவதே. 8.0-இல் ஆல்டர் டேபிளோடு ரீநேம் காலம் (RENAME COLUMN) போட்டு, பழைய பெயரைப் பேக்டிக்கில் கொடுத்து, ரேங்க்_நம்பர் என்று மாற்றுங்கள். 5.7-இலேயே மாற்றுவதானால் சேஞ்ச்தான். அதில் டைப்பை எழுதியே ஆக வேண்டும்; நாட் நல், டீஃபால்ட் இரண்டையும் திரும்ப எழுதாவிட்டால் விட்டுப்போனது பறிபோகும். மாற்றும் முன் வியூ, டிரிக்கர், ப்ரொசீஜர்களில் பழைய பெயரைத் தேடுங்கள். டேட் என்ற பெயருக்குப் பயப்பட வேண்டாம், மைஎஸ்க்யூஎல் அதை விட்டுவிடும்.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் பக்கம் போனால் பேக்டிக் செல்லாது, டபுள் கோட்தான். அங்கே யூசர் என்ற ஃபீல்டைக் கோட் இல்லாமல் செலக்ட் செய்தால் பிழை வராது. லாகின் ஆன யூசரின் பெயரே ஒவ்வொரு ரோவிலும் வரும்.

அடுத்த அப்கிரேடுக்கு முன் மைஎஸ்க்யூஎல் ஷெல்லில் செக்ஃபார்சர்வர்அப்கிரேடை ஓட்டுங்கள்; மோதும் டேபிள், ஃபீல்டு பெயர்களைக் காட்டிவிடும். பிஎச்பி ஃபைலுக்குள் இருக்கும் குவெரிகள் அதன் கண்ணில் படாது, அவற்றை நீங்கள்தான் தேட வேண்டும்.