ஐப்பசியில் இரண்டு நாள்: குமரிக் கடலோரப் பறவைகள் பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

மழைக்காலம் தொடங்கும்போது கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் கேரள எல்லைக்கு அப்பாலிருந்தும் பறவை பார்க்க வர விரும்புகிறவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் பல கேள்விகள் கேட்கிறார்கள். இந்த ஆண்டு வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

களியக்காவிளையிலிருந்து ஒருவர்: ஐயா, சனி, ஞாயிறு மட்டுமே எனக்கு விடுமுறை. மணக்குடி, தேரூர், முட்டம், கூந்தன்குளம் எல்லாவற்றையும் அந்த இரண்டு நாளில் பார்த்துவிட முடியுமா?

கூந்தன்குளத்தை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். அது திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது; பட்டைத்தலை வாத்துகளைக் காண மார்கழிக்குப் பிறகு போவதே நல்லது. மற்ற இடங்களையும் ஓடி ஓடிப் பார்க்க வேண்டாம்.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கிடைப்பதால், ஐப்பசியில் நல்ல மழை பெய்துவிட்டால் குளங்கள் நிறைந்துவிடும். உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகளுக்குக் கால் நனையும் அளவு தண்ணீரும் சேறும்தான் வேண்டும். நிறைந்த குளத்தில் அவற்றுக்கு நிற்க இடமில்லை. அப்போது அவை ஆற்றுமுகத்திலும் உப்பளத்திலும் இருக்கும். நீலச்சிறகி, நீளவால் இலைக்கோழி, நீலத் தாழைக்கோழி ஆகியவை குளத்தில் இருக்கும். ஆகவே எந்த ஊருக்குப் போவது என்பதை முடிவு செய்யும் முன், எங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சனிக்கிழமை விடியும்போது மணக்குடியில் இருங்கள். பழையாறு கடலில் சேரும் இடம் அது. 2004 ஆழிப்பேரலை அங்கிருந்த பாலத்தையே அடித்துச் சென்றது. இப்போதுள்ள பாலத்திலிருந்து காயலின் இரு பக்கத்தையும் பார்க்கலாம். மணல் அடைத்தும் திறந்தும் மாறும் ஆற்றுவாயான பொழிமுகம் திறந்திருந்தால் தண்ணீர் வடிந்து சேற்றுத்திட்டுகள் வெளிப்பட்டிருக்கும். பச்சைக்காலியும் பவளக்காலியும் அவற்றில் இறங்கியிருக்கும். மணல் அடைத்திருந்தால் தண்ணீர் உள்ளே தேங்கி அந்தத் திட்டுகள் மூழ்கிவிடும். இந்தக் கரையில் கடலேற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள்தான் என்பதால், கடலேற்ற அட்டவணையை மட்டும் நம்பி வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். பொழி திறந்திருக்கிறதா என்று கரையில் வலை உலர்த்துகிற ஒருவரிடம் கேளுங்கள். அந்தப் பதில்தான் உங்கள் காலைப்பொழுதைத் தீர்மானிக்கும். அடைத்திருந்தால் தாமதிக்காமல் நம் மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்துக்குப் போய்விடுங்கள்.

மாலை நான்கு மணிக்குத் தேரூர்க் குளத்தின் மேற்குக் கரையில் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். இருட்டும்வரை எழுந்திருக்க வேண்டாம். பகலெல்லாம் தாமரை இலைகளுக்கிடையே அசையாமல் இருந்த சீழ்க்கைச் சிறகிகள், வெளிச்சம் மங்கியதும் கூட்டம் கூட்டமாக எழும்பிச் சீழ்க்கையடித்தபடி தலைக்கு மேலே இரை தேடிப் போகும். சுசீந்திரம் தேரூர் நீர்நிலைத் தொகுதி 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றதற்கான காரணத்தை எவரும் விளக்காமலேயே அந்த அரைமணி நேரத்தில் நீங்கள் உணர்வீர்கள்.

ஞாயிறு காலையை வயல்களுக்கு ஒதுக்குங்கள். முதல் போகமான கன்னிப்பூ அறுவடை முடிந்து, அடுத்த போகமான கும்பப்பூவுக்குத் தொளி அடிக்கும் (சேறு கலக்கி உழும்) வயல் எங்கே இருந்தாலும் அங்கே நில்லுங்கள். டிராக்டருக்குப் பின்னால் கொக்குகளும், வரப்போரம் பொறி உள்ளான்களும், மேலே தகைவிலான்களும் இருக்கும். நேரம் மிஞ்சினால் வேம்பனூர்க் குளத்துக்குப் போகலாம். முட்டத்தை வேறொரு முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவி: சார், உப்பளத்தில் உள்ள சிறிய சாம்பல் நிறப் பறவைகள் எல்லாமே எனக்கு ஒரே மாதிரி தெரிகின்றன. எப்படிப் பிரித்தறிவது?

நிறத்தைப் பார்க்காதீர்கள், வடக்கிலிருந்து வரும் பறவைகள் பலவும் இனப்பெருக்கக் காலத்து வண்ணங்களை இழந்தோ இழந்துகொண்டோ இருக்கும் காலம் இது. நடையைப் பாருங்கள். உப்புக்கொத்தி நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், உற்றுப் பார்க்கும், ஒருமுறை கொத்தும், மறுபடி ஓடும். பெரிய கண்களால் இரையைக் கண்டு பிடிக்கிற பறவை அது. கொசு உள்ளானோ தலையைத் தூக்காமல், தையல் மிஷினின் ஊசி இறங்குவதைப் போலச் சேற்றை விடாமல் குத்திக்கொண்டே நகரும். இந்த ஒரு வேறுபாட்டை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதன் பிறகு கால்களைப் பாருங்கள்: கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு, அதைப் போலவே இருந்து கால் மஞ்சளாகவோ பச்சை கலந்தோ தெரிந்தால் அது டெம்மிங்க் உள்ளான். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் தெளிவாக இருந்தால் பட்டாணி உப்புக்கொத்தி.

சென்ற ஐப்பசியில் ஓர் உப்புப் பாத்தியின் வரப்பில் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது, ஒரு கொசு உள்ளான் என் செருப்புக்கு மூன்றடி தூரம்வரை வந்தது. இறகுகளின் விளிம்பெல்லாம் புதிதாக, வெளிறி இருந்தன. முதுகில் இரண்டு வெள்ளைக் கோடுகள் சேர்ந்து ஆங்கில 'வி' எழுத்தைப் போலத் தெரிந்தன. அந்தக் கோடைகாலத்தில் ஆர்க்டிக் கரையில் பொரித்த குஞ்சு அது என்பதற்கு அதுவே அடையாளம். முப்பது கிராம்கூடத் தேறாத அந்த உயிர், தாய் தந்தைக்குப் பின்னால் புறப்பட்டு, வழிகாட்ட அவை இல்லாமலேயே புத்தளம்வரை வந்திருக்கிறது. அன்று நான் வேறெந்தப் பறவையையும் தேடிப் போகவில்லை.

பாறசாலையிலிருந்து ஒருவர்: அண்ணாச்சி, எங்கள் பக்கத்து நண்பர்கள் மலையாளப் பெயர்களைச் சொல்கிறார்கள். எதை எழுதி வைத்துக்கொள்வது?

இரண்டையும் எழுதுங்கள்; ஒன்றையொன்று விளக்கும் பெயர்கள் அவை. நாம் பாம்புத்தாரா என்பதை அவர்கள் சேரக்கோழி என்கிறார்கள்; சேர என்றால் சாரைப்பாம்பு. நீரில் உடல் மூழ்கிக் கழுத்து மட்டும் வெளியே தெரிவதைக் கண்ட இரு மொழிக்காரர்களுக்கும் பாம்புதான் நினைவுக்கு வந்திருக்கிறது. நம் சீழ்க்கைச் சிறகி அவர்களுக்குச் சூளன் எரண்ட. சூளம் என்றாலும் சீழ்க்கைதான்.

தக்கலையிலிருந்து: பூநாரை கட்டாயம் கிடைக்குமா?

கட்டாயம் என்று சொல்ல முடியாது. உப்பளப் பக்கம் வந்து போகிற பறவைதான். அதை மட்டும் எதிர்பார்த்து வராதீர்கள்.

குழித்துறையிலிருந்து: என்ன தொலைநோக்கி வாங்கலாம்?

8×42 போதும். பெரிதாக்கும் திறன் கூடக் கூடக் கை நடுக்கமும் கூடத் தெரியும். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு புகைப்படக்காரர்: வரப்பில் நடந்து கிட்டே போனால் கூட்டம் எழும்பி மறுபடி அங்கேயே உட்காருகிறதே, அதனால் என்ன தீங்கு?

நீண்ட பறப்பில் கரைந்த கொழுப்பை மீண்டும் சேர்க்கத்தான் அவை காலை முதல் மாலைவரை கொத்துகின்றன. நீங்கள் ஒருமுறை எழுப்பினால் இரை தேடும் நேரமும் வீண், பறந்த சக்தியும் வீண். உங்களுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் வருவார்கள். பறவைகள் ஒரேயடியாகத் தலையை நிமிர்த்தினால் அதுவே எச்சரிக்கை, அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். டிரோன் வேண்டவே வேண்டாம். மணக்குடிக் கரையில் அறுந்து கிடக்கும் நைலான் தூண்டில் நரம்புகளைப் பொறுக்கி எடுத்துப் போனால் பெரிய உதவி. அப்படி ஒரு நரம்பு காலில் சுற்றி விரல் வீங்கிய ஒரு நெடுங்கால் உள்ளானை நானும் ஒரு மீனவரும் சேர்ந்து பிடித்து அவிழ்த்துவிட அரைமணி நேரம் ஆயிற்று. பிறகும் அது நொண்டிக்கொண்டுதான் போனது.

பூவாற்றிலிருந்து ஓர் ஆசிரியை: பிள்ளைகளைக் கொண்டு கணக்கெடுக்கலாமா? பெரிய கூட்டத்தை எப்படி எண்ணுவது?

தாராளமாகச் செய்யுங்கள். உலக வலசைப் பறவைகள் தினம் அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமையில் வருகிறது, அன்றே தொடங்கலாம். முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் வாங்கி, அதே அளவைக் கூட்டத்தின் மேல் வைத்து வைத்து எண்ணச் சொல்லுங்கள். பெயர் தெரியாததை 'தெரியாத உள்ளான்' என்றே எழுதட்டும். ஊகித்து எழுதிய பெயரைவிட அது பயன்படும்.

1933இல் பறவையியலாளர் சாலிம் அலி திருவிதாங்கூரில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியபோது உங்கள் பூவாறும் எங்கள் நாஞ்சில் நாடும் ஒரே சமஸ்தானத்தில் இருந்தன. 1956இல்தான் இடையில் மாநில எல்லை வந்தது. நெய்யாற்றின் முகத்தில் உங்கள் பிள்ளைகளும் பழையாற்றின் முகத்தில் எங்கள் பிள்ளைகளும் ஒரே காலையில், ஒரே நேரத்தில் எண்ணினால் நன்றாக இருக்கும். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம் ஆகியவற்றோடு, அன்று பொழி திறந்திருந்ததா அடைத்திருந்ததா என்பதையும் தாளின் மேலேயே எழுதச் சொல்லுங்கள்.